மாற்றுக் கருவிழி வீங்கினால்: கேள்வி பதில்

எனக்கு இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். கருவிழி மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும் நோய். வலது கண்ணில் கருவிழியை முழுக் கனத்துக்கு மாற்றி 14 வருடமாகிறது. அந்தக் கண் இரண்டு முறை வீங்கித் தேறியிருக்கிறது. நான் டாக்டர் இல்லை. பட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அண்ணா, ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். இன்னும் புகைமூட்டமாகத்தான் தெரிகிறது. கருவிழி வீங்கியிருக்கிறது என்கிறார்கள். தோல்வியா?

ஆறு நாளில் அப்படி முடிவு கட்ட முடியாது தம்பி. கருவிழியின் உள்பக்கத்தில் ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீர் இறைப்பவர்கள் மாதிரி, கருவிழிக்குள் ஊறும் நீரை அவைதான் வெளியேற்றுகின்றன. தானமாக வந்த கருவிழி திரவத்தில் கிடந்து, வெட்டுப்பட்டு, தையல் போடப்பட்டு வந்திருக்கிறது. அந்தச் செல்கள் நிலைக்கு வரச் சில நாள், சிலருக்குச் சில வாரம் ஆகும். வாரக்கணக்கில் கொஞ்சமும் தெளியாமலே இருந்தால்தான் ஒட்டு, அதாவது வைத்துத் தைத்த அந்தத் தானக் கருவிழி, வேலை செய்யவில்லை என்று மறு ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள்.

ஆபரேஷன் ஆகி மூன்று வருடம். நேற்றிலிருந்து கண் சிவப்பு, வெளிச்சம் கூசுகிறது, பார்வை மங்கல். மெட்ராஸ் ஐயாக இருக்குமா? இரண்டு நாள் பார்க்கலாமா?

வேண்டாம். இதைப் படித்ததும் கிளம்புங்கள். சிவப்பு, கூச்சம், மங்கல், வலி: மாற்றிய கண்ணில் இவற்றில் ஒன்று வந்தாலும் உடல் ஒட்டை எதிர்க்கிறது என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்ட வேண்டும். எத்தனை வருடம் கழித்தும் இது வரலாம். எதிர்ப்பில் சாகும் எண்டோதீலியம் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. அதனால்தான் இத்தனை அவசரம்.

எனக்கு வந்தது நான்காவது வருடம். தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடியே சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகு காலம் வரியைப் படிப்பேன். ஒரு நாள் தேதி தெரிந்தது, அந்த வரி கரைந்துபோயிருந்தது. கண் சிவக்கக்கூட இல்லை. மதியத்துக்குள் டாக்டரிடம் போய்விட்டேன். முழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை ஸ்டீராய்டு சொட்டு, அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்தார்கள். மூன்றாவது வாரம் அந்த வரி திரும்ப வந்தது. நீங்களும் ஒரு காலண்டரை அப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடம், ஒரே விளக்கு, ஒரு கண்.

ஸ்டீராய்டு சொட்டால் கண் அழுத்தம் 34க்குப் போய்விட்டது. நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், எதிர்ப்பு வந்துவிடும். அழுத்தம் ஏறினாலும் கருவிழிக்குள் நீர் தள்ளப்பட்டு வீங்கும். டியூப்லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அழுத்தத்தைக் குறைக்கத் தனிச் சொட்டு இருக்கிறது. வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றவும் வழி உண்டு. எதைச் செய்வது என்பதை டாக்டர் சொல்லட்டும், ஆனால் சீக்கிரம் போய்க் கேளுங்கள். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பையும் கெடுக்கும்.

மாற்றி 19 வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் பனிமூட்டம், பத்து பதினோரு மணிக்குத் தெளிந்துவிடுகிறது. வலி இல்லை.

தூங்கும்போது இமை மூடியிருப்பதால் கருவிழியின் ஈரம் காற்றில் உலர்வதில்லை. இறைக்கும் செல்கள் குறைந்துபோன கண்ணில் அந்த நீர் காலை வரை தங்கிவிடும். பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2500 போல இருக்கும் செல்கள் 500க்குப் பக்கமாக இறங்கினால் வீக்கம் நிலைத்துவிடும். ஸ்பெகுலர் பரிசோதனையில் எண்ணிச் சொல்வார்கள். 5 சதவீத உப்புச் சொட்டு காலை மூட்டத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விலக்கும். நாள் முழுக்க மங்கலாகிவிட்டால், பழைய ஒட்டை அப்படியே விட்டுவிட்டு உள் அடுக்கை மட்டும் மாற்றலாமா என்று கேளுங்கள். டிசெக், டிமெக் என்று இரண்டு முறை இருக்கின்றன. முழு ஆபரேஷனை விட இவற்றில் தையலும் குறைவு, தேறுவதும் வேகம்.

தம்பி, என் மகனுக்கு 19 வயது. டால்க் செய்யலாம் என்கிறார்கள். அதில் வீக்கம் வராதாமே?

டால்க்கில் முன்பக்க அடுக்குகளை மட்டும் மாற்றுவார்கள் அம்மா. உள் அடுக்கு அவனுடையதே, அதை உடல் எதிர்க்காது. 2002இல் மொஹமது அன்வர் காட்டிய பெரிய குமிழி முறைக்குப் பிறகு, காற்றைச் செலுத்தி அந்த அடுக்கைப் பிரிப்பது எளிதானது. செய்யும்போது அந்த மெல்லிய சவ்வு கிழிந்தால் இடையில் நீர் புகுந்து வீங்கும். காற்றுக் குமிழி வைத்து ஒட்ட வைப்பார்கள். வராது என்று இல்லை, குறைவு. அதற்கு முன்னால், நோய் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்றால் கருவிழியை இறுக்கி நோயை நிறுத்தப் பார்க்கும் சி3ஆர் சிகிச்சை போதுமா, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸான ஸ்க்லீரல் லென்ஸில் பார்வை கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளை கண்ணைக் கசக்குகிறானா என்றும் பாருங்கள்.

மாற்றிய கண்ணில் ஸ்க்லீரல் லென்ஸ் போடலாமா?

போடலாம், நானே போடுகிறேன். செல் எண்ணிக்கை குறைவாக இருந்தால், லென்ஸுக்கு அடியில் ஆக்சிஜன் போதாமல் ஒட்டு வீங்கும். சாயங்காலம் கழற்றியதும் விளக்கைப் பாருங்கள். வளையம் தெரிந்தால் மறுநாள் லென்ஸ் வேண்டாம். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.