அமெரிக்காவில் செய்தது போல, தேர்தல் முடிந்த கையோடு அரச செலவையும் ஆளணியையும் வெட்டினால் இலங்கை திருந்துமா?

கேள்வி கேட்டவர் 2025இல் அமெரிக்காவில் நடந்ததைக் காட்டி, இங்கேயும் உத்தியோகத்தர்களைக் குறைத்து, செலவை வெட்டி, கணக்கை எல்லாம் வெளியில் வைத்தால் என்ன என்கிறார். நான் திருகோணமலையில் அரச கந்தோர்களின் கணக்குக் கிளையில் இருபத்தெட்டு வருடம் இருந்து பென்ஷன் எடுத்தவன். அதனால் பதில் கொஞ்சம் கிளார்க் புத்தியோடுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மத்திய அரசின் 2024 நிதியாண்டுச் செலவு ஏறக்குறைய 6.75 ட்ரில்லியன் டொலர். அதில் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், மருத்துவம், பாதுகாப்பு, கடன் வட்டி என்றே போய்விடும். சிவில் உத்தியோகத்தர் சுமார் 23 லட்சம் பேர் இருந்தாலும் அவர்களுடைய சம்பளம், சலுகை எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐந்தைச் சுற்றித்தான் வரும். ஆக, ஆளை வெட்டி மிச்சம் பிடிக்கிற கணக்கு தொடக்கத்திலேயே உதைக்கிறது. இந்த வெட்டு வேலைக்கு ஜனாதிபதி ட்ரம்ப் முன்னே நிறுத்திய செல்வந்தர் இலோன் மஸ்க், தேர்தலுக்கு முன் 2 ட்ரில்லியன் வெட்டலாம் என்றார், பிறகு 1 ட்ரில்லியன் என்றார், 2025 ஏப்ரலில் 150 பில்லியனுக்கு இறங்கினார், மே மாதக் கடைசியில் அவரே இறங்கிப் போய்விட்டார்.

இதில் நான் வாய்விட்டுச் சிரித்த இடம் ஒன்று உண்டு. மிச்சம் பிடித்ததாக மஸ்க்கின் ஆட்கள் வெளியிட்ட பட்டியலில் ஓர் ஒப்பந்தம் 8 பில்லியன் டொலர் என்று இருந்தது, உண்மையில் அது 8 மில்லியன். எங்கள் கிளையில் வவுச்சர் ஒன்றில் ஒரு பூச்சியம் கூடினாலே கணக்காய்வு ஐயவினா வந்து, பதில் எழுதிக் கை ஓய்ந்துவிடும், இங்கே மூன்று பூச்சியம்! ஆனால் அந்தப் பிழையைப் பத்திரிகைக்காரர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். அரச ஒப்பந்தங்களின் பதிவு அங்கே எவரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது. மத்திய அரசின் காசு யாருக்குப் போகிறது என்று பொதுமக்கள் தேடிப் பார்க்க ஓர் இணையதளம் வேண்டும் என்று 2006இல் சட்டம் கொண்டுவந்தவர்களில் டொம் கோபேர்ன் குடியரசுக் கட்சி, அப்போது செனட்டராக இருந்த ஒபாமா ஜனநாயகக் கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. உப்புவெளியில் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு அமெரிக்கத் திணைக்களம் ஒன்று யாருக்கு எவ்வளவு கட்டியது என்று என்னால் போனில் பார்க்க முடிகிறது.

என் வீட்டு ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்ட கணக்கைப் பார்க்க எனக்கு நாலு மாதம் எடுத்தது.

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒழுங்கை போட்டு அடுத்த மாரி வருமுன்னே விளிம்பெல்லாம் உடைந்து கல்லு வெளியே வந்துவிட்டது. எந்தக் கந்தோர், எந்தக் கொந்தராத்துக்காரர் என்று சொல்லப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்தேன். 14 வேலை நாட்களில் பதில் வேண்டும், வந்தது "தகவல்கள் சேகரிக்கப்படுகின்றன" என்ற ஒரு வரி. குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு எழுதினேன். தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகப் போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் மதிப்பீட்டின் பிரதி வந்தது, அதுவும் சிங்களத்தில். பக்கத்து வீட்டு நோனா இருந்து வரிக்கு வரி வாசித்துச் சொன்னார். கனம் 100 மில்லிமீற்றர், அதாவது நாலு அங்குலம். உடைந்த விளிம்பில் நான் டேப் வைத்து அளந்தால் இரண்டரை அங்குலம் தேறவில்லை.

உடனே களவு என்று சொல்லத் தோன்றும். களவும் இருக்கலாம். ஆனால் கணக்குக் கிளையில் இருந்தவனுக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது: வேலை தொடங்கச் சொல்லிக் கடிதம் கொடுத்த திகதி நவம்பர் நடுப்பகுதி. நமது நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடியும், அதற்குள் செலவழிக்காத காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறி, சுற்றறிக்கை வந்து, மதிப்பீடு போட்டு, விலைமனு கோரி, கட்டுநிதி, அதாவது வேலைக்கென்று திறைசேரி அனுப்பும் காசு, கைக்கு வரும்போது ஐப்பசி பிறந்துவிடும். கொழும்பிலிருந்து பார்த்தால் அது வெறும் ஆண்டுக் கடைசி. திருகோணமலையில் அது மாரி. கிழக்கில் மழை அடித்து ஊற்றுகிற அதே இரண்டு மாதத்தில்தான் வருடத்து வேலையில் பாதியைச் செய்து பில் கட்டியாக வேண்டும். மழையில் போட்ட கொங்கிரீட் எப்படி நிற்கும்? நானே டிசம்பர் 30ஆம் திகதி இரவு பத்து மணிவரை இருந்து இப்படியான பில்களைப் பாஸ் பண்ணியிருக்கிறேன், நிலத்தைப் போய்ப் பார்த்தா பாஸ் பண்ணினோம், கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது, அவ்வளவுதான். 2025இல் இன்னும் மோசம், 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் என்று போய், வரவு செலவுத் திட்டம் நிறைவேறியதே மார்ச் 21ஆம் திகதி. அமெரிக்காவிலும் இந்த நோய் உண்டு, அங்கே ஆண்டு செப்டெம்பரில் முடிவதால் கடைசி வாரத்தில் ஒப்பந்தங்கள் குவியும்.

இந்த விரயம் எந்த வெட்டுப் பட்டியலிலும் வராது. இலங்கையில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை 2025 செப்டெம்பரில் சட்டம் போட்டு நீக்கினார்கள், சொகுசு வாகனங்களை ஏலத்தில் விற்றார்கள். நல்லதுதான், சனத்துக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஆனால் மாரிக்கு முன் வேலை முடிகிற மாதிரிக் கிழக்குக்குக் கட்டுநிதியை முந்தி அனுப்புவது என்பதைப் படம் பிடித்துச் செய்தியில் போட முடியாதே, அதனால்தான் அது நடப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஆளணி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கதிரை போதாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டதாரிகள் உண்ணாவிரதம் இருப்பார்கள், தேர்தல் வரும், நியமனம் வரும். ஆனால் அதே கட்டடத்தில் மதிப்பீடு போடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர்தான், அவர் நாலு இடத்துக்கு ஓடுவார். பொதுவாக ஒரு வெட்டு வெட்டினால் போகிறவர் யார்? வெளியில் வேலை கிடைக்கக்கூடிய அந்த ஒருவர். அமெரிக்காவில் சம்பளத்தோடு விலகிப் போகலாம் என்று மின்னஞ்சல் அனுப்பி சுமார் 75,000 பேர் சம்மதித்தார்களே, அதில் வேலை தெரிந்தவர் எத்தனை, தெரியாதவர் எத்தனை என்று பிரித்தா அனுப்பினார்கள்?

அந்த வெட்டு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைக்கக் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களுடைய மொத்தச் செலவில் அந்த உதவி நூற்றுக்கு ஒன்றைச் சுற்றித்தான். அடுத்த மாதம் என் மருமகள் வேலை செய்த தொண்டு நிறுவனத் திட்டம் நின்றுபோனது.

இன்னொன்று, கண்காணிக்கிறவர்கள். அதே ஜனவரியில் பதினேழு பேரளவில் திணைக்கள மேற்பார்வைத் தலைவர்களை, அதாவது ஊழலையும் விரயத்தையும் பிடிக்கவென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் வைத்தவர்களை, ட்ரம்ப் வீட்டுக்கு அனுப்பினார். விரயம் ஒழிக்க வந்தவர்கள் முதலில் செய்த வேலை அது. நாமும் சிரிக்க முடியாது, 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வு பெற்றார், அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒருவரைப் போட மாதக்கணக்கில் இழுபட்டது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்த பிறகு தேர்தலே வைக்கவில்லை. ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், எழும்பி நின்று "இந்த வீதிக்கு எவ்வளவு?" என்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. (கேள்வியில் மத்திய அரசு, மாநில அரசு என்றும் எழுதியிருந்தீர்கள். தமிழரசுக் கட்சி 1956இல் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்டு மாநாடு கூட்டிய ஊர் இது, அந்தப் பேச்சுக்குள் போனால் இந்தப் பதில் இன்றைக்கு முடியாது.)

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஒழுங்கைக்கும் இப்படி ஒரு வேலை வந்தால், முடிந்த பிறகு என்னைப் போல விண்ணப்பம் எழுதாதீர்கள், பெயர்ப்பலகை நட்ட அன்றே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, சட்டத்திலேயே அப்படித்தான். மதிப்பீட்டோடு அளவீட்டுப் புத்தகத்தின் பிரதியையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், கனம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வைப்பது அதில்தான். நான் அதைக் கேட்க மறந்துவிட்டேன், இரண்டாவது விண்ணப்பம் இப்போது மேசையில் இருக்கிறது.