பழைய பிக்கப் வண்டியில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு மேனுவல் கியர்பாக்ஸ் பொருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1970ஆம் ஆண்டு ஷெவர்லே சி10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 இஞ்சினும், டர்போ 350 என்ற பெயருள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ளன. எஸ்எம்465 நான்கு கியர் பெட்டி ஒன்று தனியாக விலைக்கு வந்துள்ளது. வாங்கலாமா?

பதில்: பெட்டி அருமையானது. ஆனால் அதை மட்டும் தனியாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வேலையில் எளிதாகக் கிடைப்பது கியர்பாக்ஸ்தான். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவை அதைச் சுற்றியுள்ள சிறு பாகங்கள். கிளட்ச் பெடலும் குறுகலான பிரேக் பெடலும் சேர்ந்த முழுத் தொகுதி, பெடலிலிருந்து இறங்கும் தண்டு, சேஸிஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவே நின்று அந்த அசைவைக் கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்குக்குத் திருப்பிவிடும் குறுக்குத்தண்டு, கிளட்ச்சை மூடி இஞ்சினோடு கியர்பாக்ஸை இணைக்கும் பெல் ஹவுசிங், கிளட்ச் அழுந்தும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல், அதற்குரிய போல்ட்டுகள், கியர் கம்பிக்கு இடம்விட்டு உயர்ந்து நிற்கும் தரைத்தகடு ஆகிய அனைத்தும் வேண்டும். அதே காலத்து மேனுவல் வண்டி ஒன்று உடைப்புக்கு வந்திருந்தால், அதிலிருந்து இவற்றை ஒரே தொகுப்பாகக் கழற்றி வாங்குங்கள். ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தால் செலவும் கூடும், ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் போகும்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அந்தக் குறுக்குத்தண்டின் ஒரு முனை, பிளாக்கின் இடப்பக்கத்தில் திருகப்படும் உருண்டைத் தலை போல்ட்டில் உட்காரும். சில பிளாக்குகளில் அந்தத் துளை மரையிடப்படாமல் இருக்கும். அப்படியென்றால் தண்டுகளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கு மாறுவதே நேரான வழி.

கேள்வி: என் வண்டியின் இஞ்சின் அசல் இஞ்சின் அல்ல; முந்தைய உரிமையாளர் பிற்காலத்து 350 இஞ்சினைப் பொருத்தியிருக்கிறார். எந்த ஃப்ளைவீல் வாங்க வேண்டும்?

பதில்: வாங்குவதற்கு முன் பிளாக்கின் வார்ப்பு எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று உறுதிசெய்யுங்கள். 1985 வரை வந்த ஷெவர்லே சிறிய வி8 இஞ்சின்களில் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டாக இருக்கும். 1986 முதல் ஒரே துண்டாக மாறியது. அதோடு இஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முகமும் மாறியதால் பழைய ஃப்ளைவீலின் போல்ட் துளைகள் புதியதில் பொருந்தா. ஒரே துண்டு சீல் உள்ள 350க்கு எடை சேர்த்துச் சமன்செய்த ஃப்ளைவீல் தேவை. பழைய 350க்கு எடை இல்லாத ஃப்ளைவீல். 400 இஞ்சின் பழையதாக இருந்தாலும் அதற்கென்று எடை சேர்த்த தனி ஃப்ளைவீல் உண்டு. தவறானதைப் பூட்டினால் இஞ்சின் அதிரும், மெயின் பேரிங்குகளும் தேயும்.

பற்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 153 பல் உள்ளது, 168 பல் உள்ளது என இரு அளவுகள் வந்தன. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மூக்குப்பகுதி இவற்றுக்கு ஏற்ப வேறுபடும். பாரம் ஏற்றும் பிக்கப்புக்கு, பெரிய கிளட்ச் பிளேட் பிடிக்கும் 168 பல் ஃப்ளைவீலே என் தேர்வு. ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருந்த மெல்லிய தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் குட்டையானவை. அவற்றை ஃப்ளைவீலுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்குக்காக வந்த கிராங்க் ஷாஃப்ட்டில் பைலட் புஷ் போட முடியாது என்கிறார்களே?

பதில்: எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது, சிலவற்றுக்குப் பொருந்தும். கியர்பாக்ஸின் உள்தண்டின் நுனியைத் தாங்குவதற்காகக் கிராங்க்கின் பின்முனையில் ஒரு குழி இருக்கிறது; பைலட் புஷ் என்ற சிறு வளையம் அதில்தான் உட்காரும். ஆட்டோமேட்டிக்குக்குப் போகும் கிராங்க்குகள் சிலவற்றில் தொழிற்சாலை அந்தக் குழியை முழு அளவுக்குக் கடையாமல் விட்டிருக்கும்; கிரைஸ்லர் இஞ்சின்களில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். ஆட்டோமேட்டிக்கை இஞ்சினோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றியதும் உள்விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரால் அளந்து, புஷ்ஷின் வெளிவிட்டத்தோடு ஒப்பிடுங்கள். குழி பொருந்தாவிட்டால், கன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்த பெரிய வாயில் பொருந்தும் பேரிங்குகள் சில இஞ்சின்களுக்குக் கிடைக்கின்றன. இஞ்சினை இறக்க வேண்டியிருக்காது.

கேள்வி: நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கு டி5 ஐந்து கியர் பெட்டி நல்லதா, எஸ்எம்465 நல்லதா? என் டிஃபரன்ஷியல் (பின் அச்சின் பல்சக்கரத் தொகுதி) விகிதம் 3.08.

பதில்: இதற்கு விடை சொல்லும்முன் ஆட்டோமேட்டிக் இதுவரை உங்களுக்குச் செய்துவந்த உதவியைக் கணக்கில் எடுக்க வேண்டும். டர்போ 350இன் முதல் கியர் 2.52. அதை 3.08ஆல் பெருக்கினால் 7.76 வருகிறது; சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அத்தனை மடங்கு. ஆனால் வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும்போது கன்வெர்ட்டர் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது. ஆகவே அந்தக் கணத்தில் கிடைப்பது 15 போலாகிறது. மேனுவலில் அந்த உதவி இல்லை. முதல் கியர் 2.95 உள்ள டி5இல் மொத்தம் 9.09தான் வரும். அத்தகைய வண்டியைப் பாரத்தோடு ஏற்றத்தில் கிளப்பும்போது கிளட்ச்சை நெடுநேரம் பாதி மிதித்து வைக்க நேரிடும். பிளேட் விரைவில் கருகும்.

எஸ்எம்465இன் முதல் கியர் 6.55 என்பதால் அதே டிஃபரன்ஷியலில் 20.17 கிடைக்கிறது. சாதாரணமாக இரண்டாவது கியரிலேயே கிளம்பலாம். ஆனால் நான்காவது கியர் நேரடி விகிதம், அதாவது 1:1. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெட்டியும் 80 கிலோவுக்கு அருகில் இருக்கும், கியர் மாற்றமும் நிதானமானது, அவசரப்படுத்தினால் உறுமும். உங்கள் 3.08 நெடுஞ்சாலைக்கு ஏற்கெனவே இணக்கமானது என்பதால், பாரம் ஏற்றுபவராக இருந்தால் இந்தப் பெட்டியே போதும். பாரம் ஏற்றாமல் ஓட்டுபவர் டி5ஐ விரும்பினால், டிஃபரன்ஷியலை 3.73க்கு மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அப்போது தொடக்க விகிதம் 11க்கு வந்துவிடும், ஐந்தாவது கியருக்கும் பொருள் இருக்கும். 1983 முதல் 1992 வரையிலான ஷெவர்லே கமாரோ காரின் டி5 பக்கவாட்டில் சாய்ந்து உட்காருவதற்காகத் துளையிடப்பட்டது, எனவே சாதாரண ஹவுசிங்கில் பூட்டினால் அது சாய்ந்தே நிற்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பெல் ஹவுசிங்கை டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது அவசியமா? பலர் அப்படியே பூட்டிவிடுகிறார்கள்.

பதில்: அவசியம். இந்த வேலை முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்காத ஒரே படி இதுதான். கியர்பாக்ஸின் உள்தண்டும் கிராங்க்கும் ஒரே மையத்தில் சுழல வேண்டும். அந்த மையத்தை நிர்ணயிப்பது பெல் ஹவுசிங்கின் நடுத்துளை. வேறு இஞ்சினோடு பிறந்த ஹவுசிங்கை உங்கள் பிளாக்கில் பூட்டும்போது மையம் விலகியிருக்க வாய்ப்புண்டு.

கிளட்ச்சைப் பொருத்தாமல் ஃப்ளைவீலையும் ஹவுசிங்கையும் மட்டும் பூட்டி, டயல் கேஜின் காந்தப் பாதத்தை ஃப்ளைவீலில் ஒட்டுங்கள். கேஜின் நுனி நடுத்துளையின் உள்விளிம்பைத் தொட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்பி, முள் எங்கே உச்சம் தொடுகிறது, எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் ஹவுசிங்கிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மொத்த வேறுபாடு 0.005 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால், வேறுபாட்டில் பாதிதான் உண்மையான விலகல், 0.014 காட்டினால் ஹவுசிங்கைப் பிளாக்கில் நிலைநிறுத்தும் ஊசிகளுக்குப் பதில் 0.007 அங்குலம் விலகிய மைய ஊசிகளை வாங்கி, குறித்த திசையில் திருப்பிப் பொருத்தி மீண்டும் அளக்க வேண்டும். இதைச் செய்யாத வண்டியில் பைலட் புஷ் தேயும், கியர் தானாக நழுவும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக்கின் நியூட்ரல் சுவிட்ச் (கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது) ஒயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் பாய்ந்துவிடும். முன்னால் ஒருவர் நின்றிருக்கலாம். கிளட்ச் பெடலை முழுதாக மிதித்தால் மட்டுமே மூடும் சுவிட்ச்சை அந்த இரு ஒயர்களுக்கு நடுவே இணையுங்கள். ரிவர்ஸ் விளக்கின் ஒயர்களைப் புதிய கியர்பாக்ஸில் உள்ள சுவிட்ச்சுக்குக் கொண்டுபோங்கள். இனி 'பார்க்' என்ற நிலையே இல்லை என்பதால், நெடுங்காலம் தொடப்படாத ஹேண்ட் பிரேக்கையும் இதே சமயத்தில் சீர்செய்துவிடுங்கள்.

கேள்வி: கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் பழைய ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையே பயன்படுத்தலாமா? கியர் ஆயில் எது?

பதில்: நீளம் ஒத்துப்போனால் அது தற்செயல்தான். வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போது, ஜாக்கியில் தொங்கும்போது அல்ல, புதிய பெட்டியைப் பொருத்தியபின் அளந்து, ஷாஃப்ட்டை வெட்டிச் சமன்செய்யும் பட்டறையில் கொடுங்கள். முன்முனையில், கியர்பாக்ஸுக்குள் முன்பின்னாக நழுவும் யோக் என்ற இணைப்பு இருந்தால், அது அடிவரை முட்டாமல் ஏறத்தாழ ஓர் அங்குலம் இடைவெளி இருக்கட்டும். ஆயிலைப் பொறுத்தவரை, கியர் மாற்றத்தின்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உள்ள எஸ்எம்465க்கு ஜிஎல்-4 தரமுள்ள 80டபிள்யூ-90 ஊற்றுங்கள். டி5க்கு ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன் ஆயிலே உரியது.

கேள்வி: எல்லாம் முடிந்துவிட்டது, வண்டி ஓடுகிறது. ஆனால் ஐடிலில் இஞ்சின் தடுமாறுகிறது. முன்பு இப்படி இல்லை.

பதில்: டர்போ 350இன் பக்கத்தில் இருந்த, இஞ்சினின் வெற்றிடத்தைக் கொண்டு கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் மாடுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போயிருக்கும். பெட்டியோடு அது கழன்றுவிட்டது. மேல்முனை இன்னும் திறந்திருந்து காற்றை உறிஞ்சுகிறது என்று கருதுகிறேன். அந்த வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். அப்படியே ரேடியேட்டரில் ஆட்டோமேட்டிக் ஆயில் குளிர்ந்துவந்த இரு இணைப்புகளுக்கும் அடைப்பான் திருகிவிடுங்கள்.