48 எப்படி 63 ஆகும்? டீசல் இன்ஜின் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, தெர்மோடைனமிக்ஸ்ல டீசல் சைக்கிள் (டீசல் இன்ஜின் காத்தை அமுக்கி, எரிச்சு, விரிய விட்டு, வெப்பத்தை வெளிய தள்ளுற சுற்று) சம் ஒண்ணு. கம்ப்ரஷன் ரேஷியோ 18, கட்-ஆஃப் ரேஷியோ 2, உள்ள வர்ற காத்து 27 டிகிரி. நான் போட்டா எஃபிஷியன்சி, அதாவது உள்ள போற வெப்பத்துல வேலையா மாறுற பங்கு, 48 சதவீதம்தான் வருது, புக்குல 63னு இருக்கு. திருப்பித் திருப்பி போட்டும் அதே 48. எங்க தப்பு?
- மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவி, சேலம்

பதில்: தங்கச்சி, புக்குல இருக்குறதுதான் சரி, உன் 48 எங்கருந்து வந்துச்சுன்னும் தெரியுது, ஆனா முதல்லருந்து போட்டுட்டே வருவோம் அப்பத்தான் மனசுல நிக்கும். 27 டிகிரிய கெல்வினுக்கு மாத்து, 300. காத்தை 18ல ஒரு பங்கா அமுக்குறோம், அந்த நேரத்துல வெப்பம் உள்ளயும் வரல வெளியவும் போகல, அதனால 18ஐ 0.4 பவருக்கு (காத்தோட காமா 1.4, அதுல 1 போனா 0.4) ஏத்தினா 3.178, அதை 300ஆல பெருக்கினா 953 கெல்வின், அதாவது 680 டிகிரி செல்சியஸ். டீசல் தானா பத்திக்க 200 சொச்சம் டிகிரி போதும், ஸ்பார்க் பிளக் ஏன் வேண்டாம்னு இந்த ஒரு நம்பரே சொல்லிரும். கெல்வினுக்கு மாத்தாம வெறும் 27ஐ பெருக்குறவங்களுக்கு 86 டிகிரி வரும், அதுல தண்ணி கூட கொதிக்காது, அப்படி ஒரு விடை வந்தா அங்கயே நிறுத்திட்டு திரும்பிப் பாக்கணும்.

அடுத்து எரியிற கட்டம். கட்-ஆஃப் 2ன்னா எரிஞ்சு முடியிறப்ப வால்யூம் ரெண்டு மடங்கு, பிரஷர் மாறல, அப்ப டெம்பரேச்சரும் ரெண்டு மடங்கு, 1907 கெல்வின். அப்புறம் விரிஞ்சு கடைசிக்கு வர்றப்ப 300ஐ, 2இன் 1.4 பவரால பெருக்கினா போதும், 792.

இப்ப உள்ள போன வெப்பம். இங்கதான் நீ சிவி (வால்யூம் மாறாம ஒரு கிலோ காத்தை ஒரு டிகிரி ஏத்த வேண்டிய வெப்பம், 0.718) போட்டிருக்க, எரியிறப்ப டெம்பரேச்சர் 1907க்கு ஏறினதும் 953தான், 0.718ஐ அந்த 953ஆல பெருக்கினா 684 கிலோஜூல். வெளிய போறது 792லருந்து 300 போக மிச்சத்தை 0.718ஆல பெருக்கினா 353. மிச்சம் 331, அதை 684ஆல வகுத்தா உன் 48 சதவீதம் அப்படியே வந்துரும். ஆனா டீசல் சைக்கிள்ல வெப்பம் ஏறுறது பிரஷர் மாறாம, அதனால சிபி (பிரஷர் மாறாம ஒரு கிலோ காத்தை ஒரு டிகிரி ஏத்த வேண்டிய வெப்பம்) போடணும், 1.005ஐ 953ஆல பெருக்கினா 958. அதுல 353 போனா ஒரு கிலோ காத்துக்கு 605 கிலோஜூல் வேலை, எஃபிஷியன்சி 63. வெளிய போற வெப்பத்துக்கு மட்டும் சிவிதான் சரி, அது வால்யூம் மாறாம போகுது.

605க்கும் உன் 331க்கும் 274 வித்தியாசம் இருக்கே, அது என்னன்னு கட்டாயம் பாரு. டீசல் எரியிறப்ப பிஸ்டன் சும்மா நிக்கல, கீழ இறங்கிட்டே வேலை செய்யுது. அந்த வேலை ஆர் (காத்தோட கேஸ் கான்ஸ்டன்ட், சிபில சிவி போனா வர்றது) இன்டு டெம்பரேச்சர் வித்தியாசம், 0.287ஐ 953ஆல பெருக்கு, 274, பைசா சுத்தமா டேலி ஆகும். சிவி போட்டப்ப இந்த வேலையத்தான் கணக்குலருந்தே விட்டுட்ட. பரீட்சைக்கு ஃபார்முலா மட்டும் மனப்பாடம் பண்ணா இது புரியவே புரியாது, பி-வி படத்தை (பிரஷரும் வால்யூமும் மாறுறதைக் காட்டுற கிராஃப்) கையால வரைஞ்சு அந்த மேல இருக்குற நேர்கோட்டுக்கு கீழ நிழல் அடிச்சுப் பாரு.

இதே சம்ல கட்-ஆஃப் 3ன்னு மாத்தினா எஃபிஷியன்சி 59க்கு இறங்கும், வேலை மட்டும் 1129 கிலோஜூலுக்கு ஏறும். எஃபிஷியன்சி கூடினாத்தான் வேலை கூடும்னு நெனச்சுக்காத, ரெண்டும் வேற வேற.

கேள்வி: ஒரே கம்ப்ரஷன் ரேஷியோன்னா பெட்ரோல் சைக்கிளுக்குத்தான் எஃபிஷியன்சி ஜாஸ்தின்னு புக்கு சொல்லுது, அப்புறம் ஏன் டீசல்தான் மைலேஜ் தருது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 18ல ரெண்டையும் வச்சா பெட்ரோல் இன்ஜினோட சைக்கிள், அதாவது ஆட்டோ (Otto) சைக்கிள், 68.5 சதவீதம், டீசல் 63, புக்கு சொல்றது உண்மை. ஆனா சாதாரண பெட்ரோல் இன்ஜினை 18ல ஓட்ட முடியாது, நாக்கிங் அடிக்கும், அதாவது பெட்ரோல் கலவை தானா பத்திக்கிட்டு இன்ஜின் தட்டும். 10ல வச்சா 60க்கு வந்துரும், டீசல் முந்திரும்.

கேள்வி: 5 எச்பி டீசல் பம்ப்செட், ஃபுல்லா ஓடுனா மணிக்கு 1.3 லிட்டர் குடிக்குது. 63 சதவீதம்லாம் எங்க இன்ஜின்ல இருக்கா? எப்படி கண்டுபிடிக்கிறது?
- ஒரு விவசாயி, திருவாரூர் பக்கம்

பதில்: இல்லைங்கய்யா. 63ங்கறது வெறும் காத்து, உராய்வே கிடையாது, சுவர் வழியா சூடு போகாதுன்னு வச்சுப் போடுற கணக்கு. ருடால்ஃப் டீசலே 1892ல பேட்டண்ட் கேட்டப்ப டெம்பரேச்சர் மாறாம எரிச்சுரலாம்னுதான் நெனச்சாரு, அதுக்கு வேண்டிய பிரஷர் பயங்கரம், கிடைக்கிற வேலையோ கொஞ்சம், அதனால பிரஷர் மாறாம எரிக்கிற வழிக்கு மாறினாரு. 1897ல ஜெர்மனி ஆக்ஸ்பர்க்ல டெஸ்ட் வச்சப்ப கிடைச்சது சுமார் 26 சதவீதம், அன்னைக்கு ஸ்டீம் இன்ஜினுக்கு அதுவே எட்டாத உயரம்.

உங்க கணக்கு இப்படி போடுங்க. ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 35 மெகாஜூல், 1.3 லிட்டருக்கு 46. இப்ப தண்ணி. 200 லிட்டர் டிரம்மை டெலிவரில வச்சு ரொம்ப எத்தனை செகண்ட்னு பாருங்க, 14 செகண்ட்னு வச்சுக்குவோம், செகண்டுக்கு 14.3 லிட்டர். கிணத்துத் தண்ணி மட்டத்துலருந்து தண்ணி விழுற இடம் வரைக்கும் 12 மீட்டர்னா 14.3ஐ 12ஆலயும் 9.81ஆலயும் பெருக்குங்க, ஏறக்குறைய 1680 வாட், ஒரு மணிக்கு 6 மெகாஜூல். 46ல 6ன்னா 13 சதவீதம்தான் தண்ணியா வருது. பம்ப் தனக்கு வர்ற சக்தியில பாதியத்தான் தண்ணி தூக்க பயன்படுத்துதுன்னு எடுத்தா இன்ஜின் மட்டும் 26 கிட்ட, இந்த சைஸ் இன்ஜினுக்கு அது மோசம் இல்ல.

ஆக காசு போறது இன்ஜின்ல மட்டும் இல்லைங்கய்யா, பம்புலயும் பைப்லயும்தான் நிறைய. ஃபுட் வால்வு அடைப்பு, சக்ஷன் பைப்ல காத்து இழுக்குறது, தேவையில்லாத பெண்டு, சின்ன சைஸ் பைப் இதெல்லாம் முதல்ல பாத்துட்டு, புகை கருப்பா வந்தா நாசிலை கழட்டி ஸ்ப்ரே செக் பண்ணச் சொல்லுங்க, பம்ப்செட்டை மாத்துறதை அப்புறம் யோசிக்கலாம். ஒவ்வொண்ணு மாத்துன பிறகும் அதே டிரம், அதே வாட்சு வச்சு திரும்ப அளந்து எழுதி வைங்க.