மேடையில பெரிய பேர் வாங்காத பாலே டான்சர் நல்ல டீச்சர் ஆக முடியுமா?

"மேடையில ஜெயிக்காதவங்கதான் பாலே சொல்லிக்கொடுக்க வர்றாங்களாமே"ன்னு கேட்டிருக்கீங்க. நீங்களும் குரூப்ல பின்வரிசையில ஆடிட்டு இப்போ டீச்சிங் பக்கம் போகலாமான்னு யோசிக்கிறீங்க போல. தாராளமா போங்க. இந்தப் பேச்சை நானும் நிறைய கேட்டிருக்கேன், கேக்கும்போதெல்லாம் சுருக்குன்னு இருக்கும்.

அக்ரிப்பினா வாகனோவாவை எடுத்துக்கோங்க. 1897ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இம்பீரியல் பாலே ஸ்கூல் முடிச்சவங்க. சின்னச் சின்ன தனி ஆட்டங்கள்ல நல்ல பேரு, ஆனா முன்னணி டான்சருக்குக் கொடுக்கிற பாலரீனா பட்டம் கைக்கு வந்தது 1915ல, அடுத்த வருஷமே ரிட்டயர்மெண்ட். ரஷ்யப் புரட்சிக்கு அப்புறம் டீச்சரா வந்தாங்க பாருங்க, அங்கதான் விஷயமே. மரினா செம்யோனோவா, கலினா உலனோவா மாதிரி பெரிய பாலே ஸ்டார்கள் எல்லாம் அவங்க உருவாக்கினவங்க. 1951ல இறந்தாங்க, 1957ல அந்த ஸ்கூலுக்கே அவங்க பேரை வச்சுட்டாங்க. அவங்க ஜீனியஸ், எல்லாரும் அப்படி ஆக முடியுமான்னு சண்டைக்கு வராதீங்க, அதனால என் கதையும் சொல்றேன்.

எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தவர் பெரிய ஸ்டார். அவருக்கு இடுப்பு மூட்டு பிறவியிலேயே நல்லா திறக்கும், காலை அப்படியே பக்கவாட்டுல திருப்பி நின்னு காட்டி "இப்படி நில்லு"ன்னுட்டுப் போயிடுவார். எனக்கு அவ்ளோ திறக்காது, அதனால பாதத்தைத் தரையில அழுத்திப் பிடிச்சுகிட்டு முட்டியை முறுக்கித்தான் டர்ன்அவுட், அதாவது காலை வெளிப்பக்கமா திருப்புறதை, காட்டணும், பிளியேன்னு முட்டியை மடக்கி இறங்கினாலே முட்டியோட உள்பக்கம் வலி உயிர் போகும், கேட்டா "ஸ்ட்ரெச் பண்ணு"ன்னு மட்டும்தான் பதில். அப்புறம் வந்த மேடம் ஒரு மெயின் ரோல்கூட ஆடாதவங்க. முதல் நாளே பார்ங்கிற கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு நிக்க வச்சு, தொடை இடுப்போட சேர்ற இடத்துல பின்னாடி ரெண்டு விரல் வச்சு அழுத்தி, "பாதத்தை மறந்துடும்மா, இங்கிருந்து திருப்பு"ன்னாங்க. பாதம் முன்னைவிடக் கம்மியாத்தான் திரும்புச்சு, ஆனா இறங்கும்போது முட்டி நேரா ரெண்டாவது கால்விரலுக்கு மேல வந்து நின்னுச்சு. கொஞ்ச மாசத்துல வலியும் போயிடுச்சு. சுலபமா வராத உடம்போட போராடினவங்களுக்குத்தான் எந்தத் தசையைத் தேடணும்னு தெரியும்னு அன்னிக்குப் புரிஞ்சுது. ஸ்டார் எல்லாம் மோசமான டீச்சர்னு நான் சொல்லவே இல்ல, ஆடுறது வேற திறமை, சொல்லிக்கொடுக்கிறது வேற திறமை, அவ்ளோதான்.

இப்போ நானும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளை சேர்ந்த கொஞ்ச நாள்லயே கால்விரல் நுனியில நின்னு ஆடப் போடுற பாயிண்ட் ஷூ எப்போன்னு பேரண்ட்ஸ் கேப்பாங்க. எலும்பு முத்தணும், கணுக்கால்ல பலம் வரணும், சில வருஷப் பயிற்சியோட பதினொண்ணு பன்னெண்டு வயசாவது ஆகணும்னு சொன்னா, வேற கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. போனா போகட்டும், அந்தக் காலை நான் கெடுக்க மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். ஷோ நோட்டீஸ்ல லைட் போட்டவர் பேர்கூட இருக்கும், பிள்ளைங்களைத் தயார் பண்ண டீச்சர் பேர் இருக்காது. கிளாஸ்ல நிக்கிற நேரத்துக்கு மட்டும்தான் காசு, மியூசிக் தேடுறது, ஸ்டெப்ஸ் அமைக்கிறது, ஞாயித்துக்கிழமை ரிகர்சல் எல்லாம் இலவசம். நீங்க எங்க சேர்ந்தாலும் ரிகர்சலுக்குத் தனி சம்பளம், நோட்டீஸ்ல பேர், ரெண்டையும் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க.