முதலில் அந்தப் பேக் வீட்டுக்கு வரட்டும்

கேள்வி: எனக்கு 43 வயது. கஞ்சிக்கோட்டில் பம்ப் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். வீடு கொழிஞ்சாம்பாறையில். மூன்று வருடமாகக் கோவை செட்டிப்பாளையத்தில் கோல்ஃப் ஆடுகிறேன், கிளப் மெம்பர். நவம்பரில் ஒரு வாரம் வேலைப் பயணம்: திங்கள் களமசேரி, செவ்வாய் மாலையும் புதனும் திருவனந்தபுரம், வியாழன் வெள்ளி பெங்களூரு பீன்யா. திங்கள் காலை கொச்சி, செவ்வாய் மாலை திருவனந்தபுரம், வெள்ளி காலை பெங்களூரு, திரும்பும் வழியில் சனிக்கிழமை ஊட்டி என்று மூன்று மாநிலத்தில் நான்கு மைதானமும் ஆடிவிட ஆசை. கோல்ஃப் மட்டைகள் வைக்கும் பேக் என் ஆபீஸின் ஸ்டோர் ரூமிலேயே இருப்பதால் கிளம்புவதில் சிரமமில்லை. வீட்டில் மனைவி, பத்தாவது படிக்கும் மகள், என் அம்மா. மீட்டிங் சனிக்கிழமை வரை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வரிசை சரியா? பேகை எப்படிக் கொண்டுபோவது?
– பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: மைதானத்தைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, பேக் ஸ்டோர் ரூமில் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள் தம்பி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

செட்டிப்பாளையத்தில் ஆடி முடித்தால் வேலந்தாவளம் வழியாக நேரே வீட்டுக்கு வரலாம். நீங்களோ வாளையாறு சுற்றிக் கஞ்சிக்கோடு போய், பேகை இறக்கிப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறீர்கள். இடுப்பு உயரம் இருக்கும், பத்துப் பன்னிரண்டு கிலோ கனக்கும் ஒரு பொருளை மூன்று வருடமாக வீட்டுக் கண்ணில் படாமல் வைத்திருப்பது தற்செயலாக நடக்காது. ஒவ்வொரு முறையும் வண்டியை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்து, பத்தாவது படிக்கும் பெண்ணை உட்கார்த்திப் படிக்கவைக்கிறவருக்கு, கணவர் என்ன விளையாட்டு ஆடுகிறார் என்பது தெரியாது. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள்.

விளையாடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க டீலர்களோடு மல்லுக்கட்டுகிறவருக்கு நாலு மணி நேரம் புல்லில் நடப்பது நல்லது. மனைவியிடம் அனுமதி வாங்கச் சொல்லவில்லை, தெரியப்படுத்தச் சொல்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்பது தெரிய அவருக்கு உரிமை இருக்கிறது. அதைச் சொல்வது உங்கள் கடமை.

உங்கள் சனிக்கிழமைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளி மாலை ஐந்தரைக்குப் பீன்யாவில் வேலை முடிந்து, அந்த நெரிசலில் வெளியே வந்து, மைசூர், குண்டல்பேட்டை தாண்டி ஒன்பது மணிக்குள் பந்திப்பூர் செக்போஸ்ட்டைப் பிடிக்க முடியாது. அந்தக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆக மைசூரிலோ குண்டல்பேட்டையிலோ தங்கல். காலை ஆறுக்குக் கேட் திறந்து, கூடலூர் ஏறி ஊட்டி சேரும்போது நல்ல டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கித் தரும் நேரம்) எல்லாம் போயிருக்கும். சனி ஞாயிறு காலை நேரத்தை மெம்பர்களுக்கு ஒதுக்குவது பெரும்பாலான கிளப்புகளில் வழக்கம். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு வேண்டும், நீதிமன்ற உத்தரவு அது. பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் பாதி ரவுண்டில் மூடுபனியோ மழையோ வந்து நிற்கும். முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் குன்னூர் மலைப்பாதையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவீர்கள்.

நவம்பரில் அந்த மலை எப்படி இருக்கும் என்று கோவைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்று நினைவிருக்கும். அங்கே பாதை அடைபட்டு, போனில் சிக்னலும் இல்லாமல் நீங்கள் மாட்டிக்கொண்டால், உங்கள் மனைவி பெங்களூருவில் தேடுவார். ஆபீஸுக்கு போன் செய்தால், மீட்டிங் வெள்ளியோடு முடிந்துவிட்டதே என்பார்கள். வயதான உங்கள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதற்காகத்தான் சொல்கிறேன், ஊட்டியை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பேச்சே வேண்டாம்.

மற்ற மூன்றையும் ஆடலாம். உங்கள் வரிசையை மட்டும் மாற்ற வேண்டும்.

திங்கட்கிழமை கொச்சியில் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பல கிளப்புகளில் திங்கள் பராமரிப்பு நாள், மைதானம் மூடியிருக்கும். அன்று களமசேரி வேலையை முடித்துவிட்டு நெடும்பாசேரி பக்கம் தங்குங்கள். விமான நிலையத்தை ஒட்டியே 18 ஹோல் (பந்தைப் போட வேண்டிய குழி) மைதானம் இருக்கிறது. செவ்வாய் காலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பது ஹோல் மட்டும் ஆடினால், எட்டே முக்காலுக்குக் குளித்துத் தயாராகிவிடலாம். 18 ஹோல் ஆசைப்பட்டால் பதினொன்றாகிவிடும், திருவனந்தபுரம் மாலை மீட்டிங் கெடும்.

திருவனந்தபுரத்தில் செவ்வாய் மாலை ஆடுவது நடக்காது. துலாவர்ஷ காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அங்கே காலை பளிச்சென்று இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும். திறந்த வெளியில் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் விளையாட்டு இது. முதல் இடிச்சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கவடியார் மைதானம் ஒன்பது ஹோல்தான், ஊருக்குள்ளேயே இருக்கிறது. புதன் காலை அங்கே ஆடுங்கள்.

பெங்களூருவில் எல்லோரும் சல்லகட்டா மைதானத்தைச் சொல்வார்கள். நல்ல மைதானம்தான், ஆனால் பீன்யாவிலிருந்து ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். ஹை கிரவுண்ட்ஸில் 1876-இல் தொடங்கிய பழைய கிளப் உங்களுக்குப் பக்கம். வியாழன் ஆட்டம் வேண்டாம், வெள்ளி காலை ஒன்பது ஹோல். அன்று இரவே ரயில் ஏறினால் சனி விடியலில் பாலக்காடு. காலைப் பலகாரத்துக்கு வீட்டில் இருப்பீர்கள்.

மூன்று இடத்துக்கும் இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள். உங்கள் கிளப்புக்கு அவர்களோடு அஃபிலியேஷன் (கிளப்புகளுக்கிடையே உள்ள இணைப்பு) இருக்கிறதா என்று செக்ரட்டரியிடம் கேட்டு, அறிமுகக் கடிதமும் ஹேண்டிகேப் சர்டிஃபிகேட்டும் (உங்கள் ஆட்டத் தரத்துக்கான சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். இருந்தால் கிரீன் ஃபீ, அதாவது ஆடுவதற்கான கட்டணம், குறையும். இல்லாவிட்டால் உள்ளே விடுவதே அவர்கள் இஷ்டம். காலர் வைத்த டி-ஷர்ட், ஜீன்ஸ் இல்லாத பேன்ட், பிளாஸ்டிக் முள் வைத்த ஷூ. பேக் தூக்கி வரும் கேடிக்குக் கொடுக்கச் சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். கிரீன் ஃபீயைக் களமசேரி டீலர் கட்டுகிறேன் என்பார். கட்டவிடாதீர்கள். அடுத்த மாதம் அவர் கேட்கும் தள்ளுபடியில் அது வந்து நிற்கும்.

பேக் விஷயம். விதிப்படி 14 கிளப் (அடிக்கும் மட்டைக்கும் அதே பெயர்தான்) வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் 14-ஐயும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று இல்லை. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோதான் செக்-இன், துணிப்பெட்டியும் அதற்குள் அடக்கம். கிளப்பைக் கேபினுக்குள் விடமாட்டார்கள். தூரம் அடிக்கும் நீளமான டிரைவர், ஒரு ஹைப்ரிட், 6 முதல் 9 வரை அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், குழிக்குள் பந்தை உருட்டும் பட்டர் என்று ஒன்பது போதும். ஐந்து குறைத்தால் இரண்டு கிலோ மிச்சம். பந்து ஒரு டஜன் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும், ஆறு எடுத்துப் போங்கள். லேசான ஸ்டாண்ட் பேக், மேலே பயண உறை.

உடைவது பெரும்பாலும் டிரைவரின் கழுத்துதான். பேகைத் தலைகீழாகப் போடும்போது முழு எடையும் நீளமான கிளப்பின் தலையில் இறங்கும். தலையைக் கழற்றும் மாடலாக இருந்தால் அதன் திருகுச் சாவியால் கழற்றி, துணிக்குள் சுற்றி வையுங்கள். எல்லாக் கிளப்பையும் விட நீளமாக, சுமார் 120 சென்டிமீட்டரில் ஒரு கம்பியை நடுவில் நிறுத்திவிட்டால் அடி அதன் மேல் விழும். அயர்ன் தலைகளை ஒரு துண்டால் சேர்த்துக் கட்டுங்கள். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரும் பவர் பேங்கும் கைப்பையில். கிளவுஸ் இரண்டு, காலைப் பனியில் ஒன்று நனைந்துவிடும்.

ஸ்டோர் ரூமில் கிடக்கும் கிளப்புகளின் கிரிப்பை (ரப்பர் கைப்பிடி) தொட்டுப் பாருங்கள். தகர ஷெட் சூட்டில் ரப்பர் இறுகி வழுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் ஒரு ராத்திரி உலரவிட வேண்டும். அதை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்யுங்கள். மகள் வந்து என்ன அப்பா இது என்று கேட்பாள். மனைவி எட்டிப் பார்ப்பார். அப்போது எல்லாவற்றையும் சொல்லுங்கள்: மூன்று வருடம், சந்தா எவ்வளவு, சனிக்கிழமை பற்றிச் சொல்ல நினைத்த பொய் உட்பட. சண்டை வரும். வரட்டும், மூன்று வருடத்துக் கோபம் ஒரு சாயந்திரத்தில் அடங்காது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் நாள்வாரியாக ஊர், ஹோட்டல் போன், கிளப் போன், விமான நேரம், ரயில் பிஎன்ஆர் எல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். ஆட்டத்துக்காகத் தங்கும் நெடும்பாசேரி அறை வாடகை உங்கள் கையிலிருந்து. கம்பெனி பில்லில் ஏற்றாதீர்கள்.

ஊட்டிக்கு மகளின் பரீட்சை முடிந்ததும் போங்கள், நால்வருமாக. சீசன் கூட்டம் இருக்கும், அறையையும் இ-பாஸையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே பந்து எட்டு பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும், 140 யார்டுக்கு எடுக்கும் அயர்ன் 150-ஐத் தாண்டிவிடும், ஒரு நம்பர் கூடுதலான, அதாவது குறைந்த தூரம் போகும் அயர்னை எடுத்து ஆடிப் பழகுங்கள். காலை ஏழு முதல் பதினொன்று வரை உங்களுக்கு. அதற்கு மேல் அம்மாவும் மனைவியும் சொல்லும் இடத்துக்கு வண்டி ஓட்டுங்கள்.