ஞாபக சக்தி டானிக் வாங்கும் முன்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவு ஒரு மணி வரை டீ குடித்துக்கொண்டே படிக்கிறாள். காலையில் பசியில்லை என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிடுகிறாள். எப்போதும் சோர்வு, படித்ததும் நிற்பதில்லை. ஞாபக சக்திக்கு எந்த டானிக் கொடுக்கலாம்?

பதில்: டானிக் இருக்கட்டும். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இது அபூர்வமான விஷயமில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் மூச்சு வாங்குவது மட்டுமில்லை, கவனமும் நிலைக்காது. சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகள் சிலருக்குப் பிரச்சினை ரத்தத்தில்தான் இருக்கும்.

அடுத்து அந்த டீ. சாப்பாட்டோடு குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். இரவு டீ இன்னும் மோசம். அதிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். அந்தத் தூக்கத்தைக் குறைத்துவிட்டுப் படித்தால் எப்படி நிற்கும்? இந்த வயதில் எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். பொதுத்தேர்வு வருடத்தில் அது முடியாது என்பீர்கள். சரி, பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழட்டும். மாலைக்குப் பிறகு டீ வேண்டாம்.

நேரத்தோடு தூங்கினால் காலைப் பசி தானாக வரும். இரண்டு இட்லியும் சாம்பாரும் போதும். அவசரமென்றால் வேகவைத்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். பாலில் கலக்கும் சத்துமாவு பானம் மட்டும் காலை உணவாகாது, விளம்பரம் என்ன சொன்னாலும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று தூக்கிப் போடும் பிள்ளைகள் உண்டு. கறுப்பாகப் போவதில் பயமில்லை. உணவுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். ஆனால் ரத்தசோகை உறுதியானால் வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் தினசரி மாத்திரை எழுதுவார். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் அவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.