சொறி (ஜெல்லிமீன்) பட்ட எரிச்சல் அடங்கிவிட்டதா? நெஞ்சைக் கவனியுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறார்; பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வலையில் இருந்த சொறி முன்கையில் பட்டது. எரிச்சல் சீக்கிரம் அடங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து இடுப்பு இழுத்துப் பிடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்தது. மறுநாள் சரியாகிவிட்டது. சொறி விஷம் இதயம் வரை போகுமா?

பதில்: போகும். அதனால் இப்போது நன்றாக இருந்தாலும் அப்பாவுக்கு ஒரு ஈசிஜியும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசைதான் என்னை யோசிக்க வைக்கிறது. முதலில் லேசான எரிச்சல், 20 முதல் 40 நிமிடம் கழித்து முதுகுவலி, வியர்வை, படபடப்பு. ஆஸ்திரேலியாவில் இதற்கு இருகாஞ்சி நோய் என்று பெயர். 1961-ல் கெய்ன்ஸ் நகர டாக்டர் ஜாக் பார்ன்ஸ், விரல் நகம் அளவே இருந்த ஒரு சொறியைத் தன் மீதும் 9 வயது மகன் மீதும் ஓர் உயிர்காப்பாளர் மீதும் படவைத்துச் சோதித்தார். மூவருமே மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. மகனை உட்படுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் காரணம் எதுவென்று அன்றுதான் உறுதியானது.

இந்த விஷம் உடம்பிலுள்ள அட்ரினலின் வகைச் சுரப்புகளை ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகும், பிரஷர் தாறுமாறாக ஏறும். சிலருக்கு இதயத் தசை தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கும். 2002-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இப்படி இறந்த இருவருக்கு மூளையில் ரத்தக் கசிவு.

பெட்டி வடிவச் சொறி வேறு மாதிரி. அதன் விஷம் செல்களின் சவ்வில் துளை போடும். சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறி, சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடலாம். மூச்சு நின்றால் எதற்கும் காத்திராமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். 108-ஐ அழைக்க இன்னொருவரை விடுங்கள்.

இனி பட்டால் மணல் போட்டுத் தேய்க்க வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். ஒட்டியிருக்கும் இழைகளில் வெடிக்காத கொட்டுசெல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருண்ட ஊசிநூல் ஒன்று. மணலில் தேய்ப்பது, நல்ல தண்ணீர் இரண்டுமே அந்தச் செல்களை வெடிக்க வைக்கும். வலையில் காய்ந்து கிடக்கும் இழைகூடக் கொட்டும். பெட்டிச் சொறி என்றால் வினிகரை அரை நிமிடம் ஊற்றி, பிறகு இழைகளை எடுத்துவிடுங்கள். ஒரு பாட்டில் படகிலேயே இருக்கட்டும்.

பிரஷர் ஏறுகிறதே என்று கூடுதல் மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சில விஷங்களில் அது திடீரென்று சரிந்தும் போகும். மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். படபடப்பு வந்த அன்றே போனால் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.